இரும்பை மாகாளத்தில் தூரதேசத் தொண்டர்கள்

வடக்குத்து மக்களுக்குத் தொண்டு என்றதும் நினைவுக்கு வருவது பக்கத்து வடலூர்தான். 1867-ஆம் ஆண்டு வள்ளலார் பெருமான் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு இன்றளவும் அணையவில்லை. மண்ணைப் புரட்டினால் என்னவாகும் என்பதையும் அவ்வூரார் அறிவர். நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மேடுகளில் மரங்களை வளர்த்தெடுக்க எத்தனை பாடு வேண்டியிருந்தது என்பதைக் கண்ணெதிரே கண்டவர்கள் அவர்கள். கடலூர், புதுச்சேரி வழியாகத் திண்டிவனம் சாலையில் சென்று இரும்பைக்குத் திரும்பும்போது, அத்தலத்தின் கதை அவர்களுக்குச் சட்டென விளங்கும்.

இரும்பை மாகாளம், திருஞானசம்பந்தர் பாடியருளிய தொண்டை நாட்டுத் தலம். இறைவன் மாகாளேசுவரர், இறைவி குயில்மொழியம்மை. கருவறையில் பிளவுண்ட சிவலிங்கத் திருமேனியைச் செப்புத் தகடு பிணைத்திருக்கிறது. காரணம் கடுவெளிச் சித்தர் என்பது தலக் கதை. அரச மரத்தடியில் அவர் செய்த கடுந்தவத்தின் வெம்மையால் மழை பொய்த்ததாம். தவத்தைக் கலைக்க வந்த தேவதாசி, விழும் சருகையே உணவாகக் கொண்ட அவர் கையில் அப்பளத்தை இட்டாள். சித்தர் கண் விழித்தார்; மழையும் பெய்தது. பின்பொரு நாள் கோயிலில் ஆடுகையில் அவள் காற்சிலம்பு கழன்று விழ, ஆட்டம் தடைப்படாதிருக்கச் சித்தரே அதை எடுத்து அணிவித்தார். கூட்டம் எள்ளி நகைத்தது. அவர் மனம் நொந்து பாட, லிங்கம் மூன்றாக வெடித்தது. நிலம் பாழாகும் என்ற சாபமும் பிறந்தது. மன்னன் அடிபணிந்து வேண்டியபோது, தொலைதூர நாட்டினர் வந்து இம்மண்ணை மீண்டும் பசுமையாக்குவர் என்று சித்தர் அருளினாராம்.

கதை எப்படியாயினும், நிலம் பாழ்பட்டிருந்தது மெய். 1968 பிப்ரவரி 28-இல் ஆரோவில் நகரம் தொடங்கப்பட்டபோது 124 நாடுகளின் இளைஞர்கள் தத்தம் மண்ணில் ஒரு பிடியைத் தாமரை மொட்டு வடிவத் தாழியில் இட்டனர். சுற்றிலும் செம்மண் பொட்டல். மழை பெய்தால் மண் கரைந்து கடலைச் சிவப்பாக்கும். தங்கிவிட்ட சிலர் முதலில் வரப்புக் கட்டினர்; ஓடைகளை மறித்தனர்; பிறகே கன்று நட்டனர். தொடக்கத்தில் விரைவாக வளரும் அயல்நாட்டு மரங்கள். அவற்றின் நிழலில் இம்மண்ணுக்கே உரிய மரங்கள். வரிசை மாறியிருந்தால் அத்தனையும் கருகியிருக்கும்.

இதை முழுவதும் அயல்நாட்டார் செயலாகச் சொல்வது நியாயமன்று. கீற்று வேயவும், கிணற்று நீர் இறைக்கவும், வெயிலறிந்து வேலை செய்யவும் கற்றுத் தந்தவர்கள் குயிலாப்பாளையம், இடையன்சாவடி போன்ற ஊர்களின் ஆண்களும் பெண்களும்தாம். வண்டி கட்டி நீர் கொண்டுவந்து ஊற்றிய அவர்களைப் பற்றிச் சித்தர் வாக்கு பேசவில்லை, காடு பேசுகிறது.

2003-இல் இஸ்ரேலிலிருந்து வந்த அவிராம், யோரித் ரோசின் தம்பதியர் அப்பகுதியில் சாதனா ஃபாரஸ்ட் என்ற வனப்பணியைத் தொடங்கினர். சுமார் 70 ஏக்கர் அரிப்பு நிலம். பல நாட்டு இளைஞர்கள் சில வாரங்களோ சில மாதங்களோ கீற்றுக் கொட்டகையில் தங்கி உழைக்கின்றனர். பணிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'சேவா'. விடிகாலையில் மண்வெட்டி, பிறகு முறைவைத்துச் சமையல். மதுவும் புகையும் கிடையாது. பாலும் நெய்யும்கூட இல்லை. சாணமும் நெய்யும் மணக்கும் வீட்டில் வளர்ந்த பெரியவர்களுக்கு இது மிகையாகத் தோன்றலாம். ஆனால் தரையில் அமர்ந்து உண்ணும் அப்பிள்ளைகளைக் கண்டால் முகம் மலர்ந்துவிடும்.

வந்த சில நாட்களில் உள்ளங்கை கொப்புளிக்கும், வெயில் வாட்டும். இரண்டு வாரத்தில் திரும்புபவர் நட்ட கன்று தளிர்ப்பதைப் பார்க்க வாய்ப்பில்லை. அதனால் தங்குபவர்களைக் காட்டிலும், தாம் பார்க்கப்போவதில்லை என அறிந்தும் குழி வெட்டுபவர்கள் மேல் ஒரு தனி மதிப்பு உண்டாகிறது.

இன்று இரும்பைச் சுற்றுவட்டாரத்தில் மழைநீர் வரப்புகளில் தங்கி மண்ணுக்குள் இறங்குகிறது. வரப்பெடுத்து மழைநீரைத் தேக்கும் இந்தப் பாடம், அதே சாதனா ஃபாரஸ்ட் அன்பர்கள் வழியாக ஹைட்டிக்கும் பின்னர் கென்யாவுக்கும் சென்றிருக்கிறது.