நாவிலிருந்து ஏட்டுக்கு

இசைவாணன் ஒருவன் தன் முதல் நூலை எழுத முற்படும்போது, கவிஞனோ வரலாற்றாசிரியனோ அறியாத இடர் ஒன்று அவன் முன் நிற்கின்றது. ஏனையோருக்குச் சொல்லே கருவி. எழுத்து அச்சொல்லைத் தாங்கிக்கொள்ளும். இசைவாணனின் கருவியோ ஒலி. சுரத்தின் பெயரை எழுதிவிடலாம். அச்சுரம் அசைந்தும் வழுக்கியும் அடுத்த சுரத்தைச் சென்றடையும் பாங்கினை எங்ஙனம் எழுதுவது? கமகம் எனப்படும் அவ்வசைவே கர்நாடக இசையின் உயிர். அதனை விடுத்து எழுதப்படும் நூல் வெறும் எலும்புக்கூடாகவே அமையும்.

இவ்விடரை நேர்நின்று எதிர்கொண்டவருள் தலையாயவர் எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக விளங்கிய சுப்பராம தீட்சிதர் (1839–1906). முத்துசுவாமி தீட்சிதர் 1835 இல் எட்டயபுரத்தில் மறைந்தார். நான்கு ஆண்டுகளின் பின் பிறந்த சுப்பராமர் அவர் குரலைக் கேட்டவரல்லர். முத்துசுவாமியின் தம்பியும் சுப்பராமரின் தாய்வழிப் பாட்டனாருமாகிய பாலுசுவாமி தீட்சிதரே பேரனைச் சுவீகாரம் எடுத்து, இசையும் பயிற்றினார். சுப்பராமரிடம் இருந்தது ஒரு குடும்பத்தின் செவிவழிச் செல்வமாகும்.

அச்செல்வத்தை அச்சேற்றுதல் எளிதான முடிவன்று. பரம்பரையாகக் காத்த கிருதிகள் அச்சில் வந்தபின் எவர் கைக்கும் செல்லும். பிழைபடப் பாடுவோரையும் தடுத்தல் இயலாது. வெளியிடாது வைத்தாலோ, அறிந்தவரோடு அவையும் அழியும். கர்நாடக இசையை ஐரோப்பிய சுரக்குறியீட்டில் பதிப்பித்த சின்னசுவாமி முதலியார் அவற்றை வெளிக்கொணர வேண்டினார். எட்டயபுரம் மன்னரும் துணைநின்றார். அதன் பயனாக 1904 இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ எட்டயபுரத்திலேயே தெலுங்கில் அச்சாகி வெளிவந்தது. ஆசிரியரின் அகவை அப்போது அறுபத்தைந்து.

72 மேளங்களின் ஒழுங்கில் இராகங்களை நிறுத்தி, அவற்றின் இலக்கணத்தையும் கிருதிகளையும் தந்ததோடு, கமக வகை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடையாளம் வகுத்துச் சுரங்களோடு பொறித்தமையே இந்நூலின் தனிச்சிறப்பு. அச்சுக்கோப்போர் முன்பு கண்டிராத குறிகள் அவை. இசைவாணர் வரலாறுகளும் இதில் இடம்பெற்றன. அடுத்த ஆண்டில் தொடக்க மாணவருக்கென ஒரு பயிற்சி நூலையும் அவர் வெளியிட்டார். 1906 இல் மறைந்தார். ‘பிரதர்சினி’ இரண்டாண்டு பிந்தியிருப்பின், அவர் நெஞ்சிலிருந்தவை பல அவரோடே போயிருக்கும்.

எனினும் ஒரு வினா எஞ்சுகின்றது. குறிகளைப் பார்த்து ஒருவர் பாடகராகிவிட முடியுமா? முடியாது. அக்குறிகளின் பொருளையிட்டே வித்துவான்கள் இன்றும் கருத்து வேறுபடுகின்றனர். குருவின் வாயிலாகக் கேட்டவனுக்கே குறி பேசும். ஆனால் குருமரபு சிதையும் வேளையில், எது முன்னர் எவ்வாறு பாடப்பட்டது எனச் சாட்சி சொல்ல ஏடு ஒன்று வேண்டும். 1961 முதல் சென்னை மியூசிக் அகாடமி இந்நூலைத் தமிழ் எழுத்தில் பகுதி பகுதியாக வெளியிட்டமை அச்சாட்சியின் தேவையைக் காட்டும்.

குருவின் இடத்தைப் பற்றிக்கொள்ள எழுந்ததன்று இந்நூல். தாம் இல்லாத காலத்து மாணவன் ஒருவனை நம்பி, தம் குடும்பச் செல்வத்தை ஒரு முதியவர் பொதுச்சொத்தாக்கினார். இசைவாணனின் முதல் நூலுக்கு இதனினும் மேலான நோக்கம் வேறில்லை.