எட்டாங் கட்டத்துச் சிப்பாய்

ஜித்ராவில் சதுரங்கம் பயிலத் தொடங்கும் சிறுவர்களை நான் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். குதிரை தாண்டும் வகையை ஒரே மாலையில் கற்றுக்கொண்டு விடுகின்றனர். ஆனால், சிப்பாய் எதிர்க்கரை சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் ஆளுக்கொரு சட்டம் சொல்லுவர். வெட்டுண்ட காய்களுள் ஒன்று திரும்பி வரும் என்பான் ஒருவன். மந்திரி உயிரோடிருக்கையில் மற்றொரு மந்திரி ஏது என்பான் இன்னொருவன். இவர்களைக் குறை கூற எனக்கு யோக்கியதை இல்லை. நானே நான்கு ஆண்டுகள் தவறான சட்டத்திற்குக் கட்டுப்பட்டு ஆடியவன்.

சட்டம் யாதெனில், சிப்பாய் நேராக முன்னே செல்லும், குறுக்காக வெட்டும், ஒருபோதும் பின்வாங்காது. அவ்வாறு சென்றோ வெட்டியோ எட்டாம் வரிசையை அடைந்தவுடன், அதே நகர்த்தலிலேயே அதை எடுத்துவிட்டு, மந்திரி, தேர், யானை, குதிரை ஆகிய நான்கில் நாம் விரும்பும் ஒன்றை அவ்விடத்தில் வைக்கவேண்டும். ராஜாவாக ஆக்க முடியாது. சிப்பாயாகவே விட்டுவைக்கவும் முடியாது. முன்னரே வெட்டுண்ட காய்தான் வரவேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. கணக்குப்படி ஒருவனிடம் ஒன்பது மந்திரிகள்கூட இருக்கலாம். போட்டியில் உபரி மந்திரி கைக்கெட்டாவிடில் கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கேட்பதே முறை. தேரைத் தலைகீழாக வைத்து இதுதான் மந்திரி என்று சொல்லுவது வீட்டோடு சரி. போட்டியில் அது தேராகவே கருதப்படும்.

காய்களின் பெயர் குறித்து ஒரு வார்த்தை. தமிழகத்து அன்பர்கள் மூலைக்காயை யானை என்பர். நான் இவ்வூர் வழக்கப்படி எழுதுகிறேன். மலாய்க்காரர் மூலைக்காயைத் 'தீர்' என்பர்; நம் தேர்தான் அது. 'மந்திரி', 'காஜா' என்பனவும் நமக்கு அந்நியமல்ல.

நிற்க. சிப்பாய் என்ற சொல்லும் ஜித்ராவுக்குப் புதிதன்று. 1941 டிசம்பரில் இவ்வூரைச் சுற்றிய சேற்றிலும் பால்மரக் காட்டிலும் பஞ்சாப், கூர்க்காப் படையினர் பிரிட்டிஷார் பக்கம் நின்று பொருதுத் தோற்றனர். அவர்களுள் ஒருவர் மோகன் சிங். 1927இல் பட்டாளத்தில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, 1935இல் அதிகாரியாகி, இத்தோல்விக்குப் பின் இந்திய தேசிய இராணுவத்தின் முதல் தளபதியானவர். எட்டாம் கட்டத்தை இந்தச் சேற்றிலே கண்டவர் என்று அவரைப்பற்றி நான் நினைப்பதுண்டு.

என் கதைக்கு வருகிறேன். 1962இல் எனக்குப் பத்து வயது. கிராணியார் வீட்டுத் திண்ணையில் அவர் மகன் எனக்குச் சதுரங்கம் கற்பித்தான். அவன் பாயில் இருப்பான். நான் படியில் இருப்பேன். அவன் சொல்லிக்கொடுத்த சட்டப்படி, சிப்பாய் எந்தக் காயின் வரிசையில் கரையேறுகிறதோ அந்தக் காயாகத்தான் ஆகலாம். குதிரை வரிசையில் வந்தது குதிரையே. யானை வரிசையில் வந்தது யானையே. இது அவன் கற்பனையன்று. இந்தியாவின் பழைய நாட்டு ஆட்டங்களில் வழங்கிய முறையே. என்றாலும், தன் சிப்பாய் ஓரத்தில் கரையேறிய ஒரு நாள் மட்டும் அவன் மந்திரியை எடுத்துக்கொண்டதை நான் மறக்கவில்லை. கேட்கவும் இல்லை.

என் தமக்கை வெயிலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழியில், "தம்பி, அவன் உன்னை ஏமாத்திட்டான்" என்றாள். அவளை ஆட ஒருவரும் அழைத்ததில்லை. பார்த்துப் பார்த்தே கற்றவள். இரவில் லயத்து விளக்கில் புளியங்கொட்டைகளையும் கூழாங்கற்களையும் வைத்து என்னைத் தோற்கடிப்பாள்.

1966இல் தகப்பனாருக்கு முதுகு விழுந்துவிட்டது. தோட்டத்து வீடு என்பது வேலைக்கு உரிய வீடு. பெரட்டில் பெயர் குறைந்தால் கூரையும் போகும். கிராணியார் என் தாயாரிடம், "பையனை அனுப்பு. மரம் வெட்டுகிறவன் பிள்ளைக்கு மரந்தானே" என்றார். கெட்ட எண்ணத்தால் சொன்னார் என்று நான் கருதவில்லை. அவர் அறிந்த ஆட்டச் சட்டம் அது. மறுநாள் விடியுமுன் தகப்பனாரின் உளியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு அக்காள் நிரைக்குப் போனாள். அவளுக்குப் பதினைந்து வயது. நான் ஜித்ராவுக்குப் பஸ் ஏறிப் பள்ளிக்குப் போனேன். என்னைவிட நன்றாகப் படித்தவள் அவளே.

அந்தப் பள்ளியில்தான் சீனத் தோழன் ஒருவன் மூலம் மெய்யான சட்டத்தை அறிந்தேன். ஓர வரிசைச் சிப்பாயும் மந்திரியாகலாம் என்று அவன் சொன்னபோது புத்தகத்தைக் காட்டச் சொல்லிச் சண்டை பிடித்தேன்.

அதே 1966இல்தான் பஞ்சாபில் சுல்தான் கான் இறந்தார் என்பதைப் பிற்காலத்தில் படித்தேன். நாட்டு ஆட்டம் பயின்ற அவர், ஒரு பிரபுவின் பரிவாரத்தில் ஒருவராக 1929இல் இங்கிலாந்து சென்று, அந்த ஆண்டும் 1932, 1933 ஆண்டுகளிலும் பிரிட்டிஷ் சாம்பியனானார், காபபிளாங்காவையும் வென்றார். பிரபு ஊர் திரும்பவே அவரும் திரும்பினார். அங்கே அவர் ஆடிய ஆட்டமும் அத்துடன் நின்றது. உலகச் சதுரங்கச் சம்மேளனம் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது 2024இல். அதே வீட்டில் பணிபுரிந்த பாத்திமா என்ற பெண் 1933இல் பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியனானார். அவரை நினைவுகூர்வோர் எத்தனை பேர்?

புதிதாகப் பயில்வோர்க்கு ஒன்று சொல்லவேண்டும். தனியே ஓடும் சிப்பாய் பெரும்பாலும் வழியிலேயே வெட்டுப்படும். பின்னால் ஒரு தேரோ, பக்கத்தில் ராஜாவோ, தோளோடு தோளாக மற்றொரு சிப்பாயோ காவல் நிற்கவேண்டும். காவல் நிற்பது தன் இடம் விட்டு நகர முடியாது.

எப்போதும் மந்திரியே வேண்டும் என்பதும் இல்லை. மந்திரியை வைத்தால் எதிரி ராஜாவுக்கு நகர வழியின்றி ஆட்டம் சமனாகும் இடங்கள் உண்டு. அங்கே தேரே போதும். 1895இல் கிளாஸ்கோவில் ஸாவெத்ரா என்ற பாதிரியார் கண்டுபிடித்த அத்தகைய நிலையொன்றை இன்றும் பாடமாகச் சொல்லுகின்றனர்.

சென்ற மாதம் அக்காளின் பேத்தி என்னோடு ஆடினாள். அவளுடைய சிப்பாய் கரையேறிற்று. நான் மந்திரியை எடுத்து நீட்டினேன். அவள் வேண்டாமென்று குதிரையை வைத்தாள். என் ராஜாவுக்கும் மந்திரிக்கும் ஒரே சமயத்தில் தாக்கு!

பாயில் கிடந்த சிப்பாயை அக்காள் எடுத்தாள். "இது இனிமே வேணாமா, தம்பி?"

"வேணாம், அக்கா. அதுக்குப் பதிலாத்தான் குதிரை வந்திருக்கே."

சிறிது நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். பின்பு, "ராஜாவை நகர்த்து, உன் முறைதான்" என்றாள்.