அச்சேறாத வசைச்சொல்

என் கதையிலுள்ள வசைச்சொல்லில் முதலெழுத்தை மட்டும் நிறுத்தி மிச்சத்துக்குப் புள்ளி வைத்துவிடலாம் என்று பத்திராதிபர் சமரசம் பேசியபோது, எனக்கு ஜேம்ஸ் ஜாய்ஸின் ஞாபகமே வந்தது. அச்சிட்டவனும் தண்டனைக்குரியவனே என்னும் ஆங்கிலச் சட்டத்துக்கு அஞ்சிய அச்சகத்தாரின் ஆட்சேபத்தை முன்னிட்டு, 1906இல் லண்டன் பதிப்பாளர் கிராண்ட் ரிச்சர்ட்ஸ், 'டப்ளினர்ஸ்' கதைகளிலிருந்து 'பிளடி' என்ற சொல்லை நீக்கக் கோர, அவர்கள் கோடிடாத இடங்களிலும் அது உண்டே என்று ஜாய்ஸ் தாமே எடுத்துக்காட்டி வம்பை வளர்த்துக்கொண்டார். நூல் அதே ரிச்சர்ட்ஸ் வழியாக 1914 ஜூனில்தான் வெளிவந்தது. அதற்குள், அவ்வருஷம் ஏப்ரலிலேயே, பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தில் எலைஸா அச்சொல்லை உச்சரிக்க, லண்டன் அரங்கம் வாய்விட்டுச் சிரித்து முடித்திருந்தது. குடிகாரன் வாயில் சுலோகத்தை வைப்பது மரியாதையாயிருக்கலாம், கதையாக இராது.