செருப்புக் கேட்ட மூத்தாப்பா

கடந்த வருட இறுதி விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். கட்டாரிலிருந்து சாச்சா வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து மூத்தாப்பா வந்தார்.

சாச்சா கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்று நிறைய மீன்பிடிச் சாமான்கள் இருந்தன. மூத்தாப்பா கொண்டுவந்தது அசையாத வலது கையையும், வாய்க்குள்ளேயே முறிந்துபோகும் சொற்களையும்தான். பாரிசவாதம். வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அவருக்கு என்ன வேணும் எண்டு அவருக்குத் தெரியும். சொல்லுதான் வராது. சில நேரம் பாதிச் சொல்லு வரும். அவசரப்படுத்த வேணாம்." நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் மறந்துபோனோம்.

மூத்தாப்பா சிறுவயது முதல் ஆற்றில் மீன் பிடித்தவர். மட்டக்களப்பு வாவியைக் காத்தான்குடியில் நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு, நடுவில் ஊர். தோணியும் வீச்சு வலையும் அவருடைய வலது கையை நம்பி இருந்தவை. அந்தக் கை போன பிறகு மிஞ்சியது தூண்டில் ஒன்றுதான். அஸர் தொழுகைக்குப் பின் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து ஆற்றங்கரைக்குத் தள்ளிக்கொண்டு போவது என் வேலையாயிற்று. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் இப்படி ஒரு வேலையா என்று உள்ளுக்குள் எனக்குச் சலிப்பும் இருந்தது.

சாச்சாவும் எங்களோடு வருவார். அவருடைய பெட்டியைத் திறந்தால் பெருநாள் கடை போலிருக்கும். ரப்பர் மண்புழு, நாலு காலும் வாலும் வைத்த ரப்பர் பல்லி, கண் எழுதிய பிளாஸ்டிக் மீன்கள், மினுங்கும் தகடுகள். எல்லாம் போலி இரைகள். அமெரிக்காவில் 'பாஸ்' என்ற மீனைப் பிடிக்க இவற்றைத்தான் பாவிப்பார்களாம். "நம்மட கொடுவாவையும் இங்கிலீசில 'சீ பாஸ்' எண்டுதான் சொல்ற. அதுவும் பாஸ், இதுவும் பாஸ். அங்க படுறது இங்க படாதா?" என்றார் சாச்சா. உண்மையில் இரண்டும் வெவ்வேறு குடும்பத்து மீன்கள். அவர்களுடைய பாஸ் நன்னீர் மீன். எங்கள் கொடுவா கடலுக்கும் ஆற்றுக்கும் போய்வருவது. உயிரியல் படிக்கிறவள் என்ற பெருமையில் நான் இதைச் சொன்னேன். சாச்சா கேட்கவில்லை.

அவர் கட்டிய தூண்டிலின் பெயர் 'கரோலினா ரிக்'. அது அடியில் இழுக்கும் தூண்டில். முதலில் நடுவில் துளையுள்ள ஈயத்தைத் தங்கூசியில் கோப்பார்கள். அதற்குப் பின்னால் ஒரு கண்ணாடி மணி. அதற்கும் பின்னால் முறுக்கு விழாமல் சுழலும் சிறு வளையம். வளையத்திலிருந்து இரண்டு மூன்று அடி தங்கூசி, அதன் நுனியில் முள்ளும் போலி இரையும். மெதுவாக இழுக்கும்போது ஈயம் அடியில் உருண்டு சேற்றைக் கிளப்பும். மணியில் தட்டி 'டிக், டிக்' என்று சத்தம் போடும். என்னவென்று பார்க்க வரும் மீன், பின்னால் வரும் இரையைக் கண்டு கௌவும். தங்கூசி ஈயத்தின் துளைக்குள் வழுக்கி ஓடுவதால் மீனுக்கு ஈயத்தின் பாரம் உடனே தெரியாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மூன்று நாட்கள் பல்லியும் மண்புழுவும் ஆற்றுக்குள் போய் வந்தன. ஒவ்வொரு முறையும் ஒரு பிடி பாசியோடு வந்தன. பொறுமையிழந்து உயிர் இறாலைக் கோத்துப் போட்டால், கொடுவா வருமுன் நண்டும் கெளிறும் வந்து பிய்த்துத் தின்றுவிட்டு வெறும் முள்ளை அனுப்பின.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மூத்தாப்பா முதல் நாளே ஒரு சொல் சொன்னார்.

"செருப்பு."

வீட்டுக்குப் போகக் கேட்கிறார் என்று நினைத்து நாற்காலியைத் திருப்பினேன். தலையை உதறினார். மறுநாளும் அதே சொல். உம்மா அவருடைய செருப்பைக் கழுவித் துடைத்துக் காலில் போட்டுவிட்டார். மூத்தாப்பா அதை இடது காலால் உதறி எறிந்தார். பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "மூளையும் கலங்கிட்டுது போல" என்று மெல்லச் சொன்னார். மூத்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் அவர் முன் குந்தி, சின்னப் பிள்ளையிடம் பேசுவது போலச் சத்தமாக, "தண்ணியா மூத்தாப்பா? சாயா வேணுமா? படுக்கப் போறீங்களா?" என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காது கேட்காதவர் அல்லவே அவர். எனக்கு அது அன்றைக்கு விளங்கவில்லை.

நான்காம் நாள் சாச்சா ஓரிடம் போயிருந்தார். நானும் மூத்தாப்பாவும் மட்டும்தான். "செருப்பு" என்றார். எனக்குக் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் அவருக்கு முன்னால் புல்லில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பொறுமை என்று சொல்ல மாட்டேன், சலிப்புத்தான். ஆனால் அந்த வெறும் அமைதிதான் அவருக்குத் தேவைப்பட்டது போலும்.

அவர் இடது கையை நீட்டி, நான் கழற்றி வைத்திருந்த ரப்பர் செருப்பில் ஒன்றை எடுத்தார். அதை மடியில் வைத்துவிட்டு, உள்ளங்கையை விரித்து நாற்காலியின் கைப்பிடியில் படுக்க வைத்தார். அது அடி. பின்னர் அந்தக் கையின் சுட்டுவிரலை மட்டும் மெல்ல மேலே உயர்த்தினார். விரல் அந்தரத்தில் நின்று ஆடியது. பாசியைக் காட்டினார். செருப்பைக் காட்டினார். மறுபடியும் விரலை உயர்த்தினார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. செருப்பு தண்ணீரில் மிதக்கும்! ஈயம் அடியில் கிடக்க, இரை மட்டும் பாசிக்கு மேலே மிதந்து நிற்க வேண்டும். நான்கு நாளாக இந்த மனிதர் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

அன்று ஒரு காலில் செருப்போடும் மறுகாலில் வெறுங்காலோடும் வீடு திரும்பினேன். கத்தியை எடுத்து விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டினேன். மூத்தாப்பா தலையை ஆட்டினார்: ஒல்லி காணாது. செதுக்கினேன். வாலைப் பிளக்கச் சொல்லி இரண்டு விரலைக் கத்தரிபோல் காட்டினார். பிளந்தேன். முள்ளைக் குத்தி, தண்ணீர் நிறைந்த வாளிக்குள் போட்டோம். முள்ளின் பாரத்தில் அது அப்படியே அமிழ்ந்துபோனது. மூத்தாப்பா சிரித்தார். வாயின் ஒரு பக்கத்தால்தான் அவரால் சிரிக்க முடியும். இன்னும் கொஞ்சம் மொத்தமான துண்டு வெட்டினேன். இம்முறை ஈயம் வாளியின் அடியில் குந்தியது. செருப்பு மீன் ஒரு சாண் மேலே எழுந்து நின்று, தண்ணீர் ஆடும்போது தானும் வாலை ஆட்டியது.

முள்ளுக்கும் ஈயத்துக்கும் இடையிலான நீளத்தைத் தன் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளந்து காட்டினார். அந்த இடத்துப் பாசியின் உயரம் அவருக்குத் தெரியும். கொடுவாவின் செவுள் மூடி சவர அலகு போல வெட்டும் என்பதால் அந்த முழத்துக்கு மட்டும் தடித்த தங்கூசி. செருப்பின் வெள்ளை நிறம் கலங்கல் தண்ணீரில் தெரியும். நண்டு கடித்தாலும் ரப்பர் கரையாது. பைத்தியக்காரத்தனம் என்று நாங்கள் நினைத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் தண்ணீருக்கு அடியில் இருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை.

சாச்சா முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு யோசித்துவிட்டுத் தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். "அமெரிக்காவிலயும் சில ஆக்கள் ரப்பர் பல்லிய விட்டுட்டு, மேல மிதக்குற பிளாஸ்டிக் மீனக் கொண்டுபோய் இந்த ஈயத்துக்குப் பின்னால கட்டுறவங்க. ஈயம் கீழ போகும், மீன் பாதித் தண்ணியில நிக்கும். பெட்டிக்குள்ள அந்த மீனும் கிடக்கு. எனக்கு நினைவே வரல்ல" என்றார்.

இரண்டு நாளின் பின், வெளிச்சம் மங்கும் நேரம். தங்கூசி மூத்தாப்பாவின் இடது சுட்டுவிரலில் சுற்றியிருந்தது. ஒரு சாண் இழுப்பார், நிறுத்துவார். நிறுத்தும்போது செருப்புத் துண்டு மேலே எழும் என்று எனக்கு இப்போது கண்ணை மூடினாலும் தெரிந்தது. திடீரென்று அவருடைய விரல் சிவந்தது. தங்கூசியை என் கைக்குள் திணித்தார். நான் "சாச்சா!" என்று கத்தினேன். கண்ணா மர வேருக்குள் ஓடப் பார்த்த மீனைச் சாச்சா முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி மறித்துக் கரைக்கு ஏற்றினார். அவருடைய விரலைச் செவுள் வெட்டிவிட்டது. கொடுவா. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். வாயோரத்தில் என் செருப்பு.

மூத்தாப்பா மீனை மேலும் கீழும் பார்த்தார். பின்னர் முறியாமல், தெளிவாகச் சொன்னார்:

"கிழவி இல்ல."

சாச்சா இரத்தம் வடியும் விரலோடு சிரித்தார். நான் அழுதுவிட்டேன். மிகப் பெரிய கொடுவாவை மூத்தாப்பா எப்போதும் கிழவி என்றுதான் சொல்வார். கொடுவா முதலில் ஆணாகவே பருவமடைந்து, சில வருடங்கள் கழிந்த பின்னர் பெண்ணாக மாறும். எனவே மிகப் பெரியவை அநேகமாகப் பெண்களே. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். பாடசாலையில் அதிகம் படிக்காத மூத்தாப்பா முட்டை வைத்த வயிறுகளைப் பார்த்தே தெரிந்து வைத்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சொன்ன முதல் முழு வசனம் அதுதான். அதுவும் ஒரு சரியான வசனம்.

விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பிய பின், போலி இரைகளைப் பற்றித் தேடி வாசித்தேன். தகட்டு இரைக்கு 1852 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ஜூலியோ புவெல் என்பவர். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய கரண்டி ஏரிக்குள் விழுந்ததாகவும், மினுங்கிக்கொண்டு அமிழ்ந்த அந்தக் கரண்டியை ஒரு மீன் பாய்ந்து பிடித்ததைக் கண்டுதான் அவருக்கு இந்த யோசனை வந்ததாகவும் ஒரு கதை உண்டு. சாச்சாவின் பெட்டியில் இருந்த ரப்பர் மண்புழுவுக்கு வழிகாட்டியவர் நிக் கிரீம். டயர் தொழிற்சாலைகளுக்குப் பெயர்போன அக்ரன் நகரத்தில் இயந்திர வேலை செய்தவர். 1949 இல் தன் வீட்டுச் சமையலறையில் பிளாஸ்டிக்கைக் காய்ச்சி மண்புழு வார்த்தார். அவர்களுடைய அயலவர்களும் "மூளை கலங்கிட்டுது" என்றுதான் முதலில் சொல்லியிருப்பார்களோ என்று நினைத்தேன். இன்று அவை கண்ணாடி அலுமாரியில் வைத்து விற்கப்படுகின்றன.

தோழிகளே, வித்தியாசமாகச் செய்ய வேண்டும் என்பதற்காக யாரும் செருப்பை வெட்டி ஆற்றில் போடுவதில்லை. மீன் எங்கே நிற்கிறது, அதன் கண்ணுக்கு எது தெரியும், நடுவில் என்ன மறைக்கிறது என்று அதன் பக்கத்திலிருந்து யோசித்தவருக்கு அந்த இடத்தில் செருப்பே பொருத்தமான இரை. நாங்களோ பெட்டியில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எறிந்து பார்த்தோம். மூத்தாப்பாவிடம் நான் அடுக்கிய கேள்விகளும் அப்படித்தான். தண்ணியா, சாயாவா, படுக்கையா? எல்லாம் என் பெட்டியில் இருந்தவை. அவர் எங்கே நிற்கிறார் என்று நான் பார்க்கவே இல்லை.

போன சனிக்கிழமை விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தேன். மதியம் மூத்தாப்பா திடீரென்று, "குடை" என்றார். குடையை எடுக்க எழுந்த உம்மாவின் கையைப் பிடித்து இருத்தினேன். நாங்கள் இருவரும் பேசாமல் அவர் முகத்தைப் பார்த்தோம். அவருடைய கண் வாசலைத் தாண்டி முற்றத்துக்குப் போனது. வானம் கறுத்திருந்தது. கொடியில் எனது வெள்ளைச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய் எடுத்தேன். முதல் துளி விழுந்தது.