நீர் அருந்துவதே அன்றைய விரதம்

ஏகாதசியன்று உண்ணாதிருத்தல் நம் இல்லங்களுக்குப் புதிதன்று. துளி நீரும் பருகாமல் நிர்ஜலமாக இருப்போரும் உண்டு. இப்பழக்கம் உடையவர்கள், பெருங்குடலை உள்நோக்கும் கொலோனோஸ்கோப்பி பரிசோதனைக்கு முன் உணவை விடுமாறு மருத்துவர் கூறும்போது, இதுவும் ஓர் உபவாசமே என்று எண்ணிவிடுகின்றனர். அது பாதி உண்மையே. உணவை விடுவது இந்நியமத்தின் ஒரு பகுதி. சொன்ன அளவுக்கு நீர் அருந்துவதே மறுபகுதி.

40 ஆண்டுகளாக ஏகாதசி தவறாத மூதாட்டி ஒருவருக்கு 68ஆம் வயதில் இப்பரிசோதனை வாய்த்தது. "பட்டினி எனக்குப் பழகியதுதானே அம்மா, நீ போய்ப் படு" என்று மருமகளை அனுப்பிவிட்டார். மருந்துத் தூளை 2 லிட்டர் நீரில் கரைத்து, கால்மணிக்கு ஒரு தம்ளர் வீதம் அருந்த வேண்டும். அதன் உவர்ப்பு குமட்டிற்று. வயிறு உப்பியது, உடல் நடுங்கியது. வீட்டாருக்குத் தொல்லை தரலாகாதென்று எவரிடமும் சொல்லாமல், மூன்றாம் தம்ளரோடு நிறுத்திக்கொண்டார். கழிச்சலோ நிற்கவில்லை. நள்ளிரவில் தலைசுற்றிச் சுவரைப் பற்றி நின்றவரை மருமகளே தாங்கிக்கொண்டாள்.

மருத்துவமனையைத் தொலைபேசியில் கேட்டபோது, அரைமணி நேரம் ஓய்வளித்து, பின்னர் மெல்லத் தொடருமாறு கூறினர்.

"உனக்கு எதற்கம்மா இந்த அருவருப்பெல்லாம்?"

"என் பிரசவத்தில் நீங்கள் எனக்குச் செய்தபோது அருவருத்தீர்களா, அத்தை?"

மூதாட்டி மறுமொழி கூறவில்லை, தம்ளரை வாங்கிக்கொண்டார். மறுநாள் பரிசோதனையில் சிறு வளர்ச்சி ஒன்று கண்டறியப்பட்டு, அப்போதே அகற்றப்பட்டது. அத்தகைய வளர்ச்சிகளுள் சில, விட்டுவைத்தால் ஆண்டுகள் பல கடந்து புற்றாக மாறக்கூடியவை. குடல் தூய்மையுறாவிடில் அவை கண்ணுக்குத் தப்பிவிடும்.

இடர்களைத் தணிக்க எளிய வழிகள் உண்டு. கரைசலைக் குளிரவைத்தால் சுவை மட்டுப்படும். நடுக்கம் கண்டால் போர்வை போதும். இடையிடையே வடிகட்டிய எலுமிச்சைச் சாறோ, பால்பொருள் கலவாத தெளிந்த பானமோ பருகலாம். சிவப்பு, ஊதா நிறப் பானங்கள் ஆகா. அவை குடலில் குருதிபோல் தோன்றும். எரிச்சல் வருமுன்பே ஆசனவாயைச் சுற்றித் தேங்காய் எண்ணெய் தடவி, துடைப்பதற்குப் பதில் வெதுவெதுப்பான நீரால் கழுவுதல் நலம். கழிவறை விளக்கு எரியட்டும், தாழ்ப்பாள் வேண்டாம். நீரிழிவு, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றுக்கு மருந்து உண்போர் முன்னரே மருத்துவரைக் கேட்க வேண்டும். எந்நேரத்தோடு நீரையும் நிறுத்துவது என்பதையும் அவரே சொல்வார். ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, மயக்கம் கண்டால் தாமதிக்கலாகாது.

திருமலையில் யுகாதி, ஆனிவார ஆஸ்தானம், பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி ஆகியவற்றுக்கு முன்பாக, ஆண்டுக்கு 4 முறை கோயில் ஆழ்வார் திருமஞ்சனம் நடைபெறுகிறது. மூலவரைத் துணியால் மூடி, கருவறைச் சுவர்களையும் பூஜைப் பாத்திரங்களையும் கழுவுகின்றனர். அழுக்கைத் தொட்டுக் கழுவும் அப்பணியை எவரும் இழிவென்று கருதுவதில்லை. கைங்கரியம் என்றே போற்றுகின்றனர். முதியவரின் தளர்ந்த உடலுக்கு ஓரிரவு துணைநிற்பதும் அவ்வகையினதே. அதைக் கூச்சமின்றி ஏற்றுக்கொள்வது முதியவர் செய்யும் பங்கு.