நெய்யூரில் தங்கிவிட்டவர்

ஜூன் 4

1924ஆம் ஆண்டு இதே தேதியில் மலையேறி நார்ட்டனும் அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல்லும் ஆக்சிஜன் இல்லாமல் எவரெஸ்டில் ஏறத்தாழ 28,000 அடி வரை ஏறினார்கள். சோமர்வெல்லைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குவார்கள், இதோ, நானும். ஆனால் எண்பத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்த அந்த மனிதரை அளக்க மலை சரியான அளவுகோல் அல்ல என்றே எனக்குப் படுகிறது. 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், அன்றைய தென் திருவிதாங்கூரின் நெய்யூரில் டாக்டர் பியூவின் மருத்துவமனை முன் காத்துக் கிடந்த கூட்டத்தைப் பார்த்தார். லண்டனில் கிடைக்கவிருந்த நல்ல பதவியை உதறிவிட்டு அங்கேயே வந்து சேர்ந்தார். இதைத் தியாகம் என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. அவர் பெருமை வந்ததில் இல்லை, ஏறக்குறைய கால் நூற்றாண்டு அங்கிருந்து நகராமல் இருந்ததில் இருக்கிறது என்பதுதான் என் கட்சி.

ஜூன் 6

துணிச்சலும் கைவேகமும் அவருக்கு ஏற்கெனவே இருந்தன. 1916இல் சோம் போர்முனையில் காயம்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தபோது, அந்த முகாமில் கத்தி பிடித்த நான்கு பேரில் அவர் ஒருவர். போர்முனை கற்றுத்தராத ஒன்றை நெய்யூர் கற்றுத்தந்தது. ஒரே மண்ணில், ஒரே உணவை உண்ணும் மக்களிடம், ஒரே நோய் திரும்பத் திரும்ப வருவதை அங்கேதான் அவர் கண்டார். அந்த நோய் முன்சிறுகுடல் புண்; நம் பேச்சில் அல்சர். வலியால் சுருண்டு வந்தவர்களுக்கு இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்துத் தைக்கும் அறுவையை ஆயிரக்கணக்கில் செய்தார்கள். இரண்டு ஆண்டில் மாற்றலாகிப் போகிறவருக்கு இவை தனித்தனி நோயாளிகள். இருபது ஆண்டு இருப்பவருக்கோ ஒரு கேள்வி எழும்: இந்த ஊரில் மட்டும் ஏன் இவ்வளவு? சக மருத்துவர் ஐ. எம். ஓர்ருடன் சேர்ந்து அவர் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் 1936இல் எழுதிய கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. ஏழைகளின் தட்டில் மரச்சீனிக் கிழங்கே பிரதானமாக இருந்ததால் சந்தேகம் உணவின் மேல் விழுந்தது. குன்னூரில் உணவு ஆய்வாளர் மக்காரிசன் எலிகளுக்குத் திருவிதாங்கூர் ஏழைகளின் சாப்பாட்டைக் கொடுத்துப் பார்த்தபோது அவற்றில் பலவற்றுக்கும் வயிற்றில் புண் வந்தது. ஒரு சிற்றூர் வார்டும் ஓர் ஆய்வுக்கூடமும் ஒரே திசையில் கை காட்டின.

ஜூன் 9

நெய்யூரின் அறுவைக்கும் உணவின் மேல் விழுந்த சந்தேகத்துக்கும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1982இல் ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் இந்தப் புண்ணோடு தொடர்புடைய ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைக் கண்டுபிடித்தார்கள். 2005இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். இன்று மாத்திரையில் தீர்கிற நோய்க்கு வயிற்றைக் கிழித்ததும், கிழங்கைக் குற்றம் சொன்னதும் வீண்தானே என்று கேட்கலாம். முதல் பாதிக்குப் பதில் சுருக்கமானது: மாத்திரை இல்லாத காலத்தில், அடைபட்ட குடலோடு வந்தவருக்கு அந்த அறுவையை விட்டால் வேறு வழியில்லை. இரண்டாம் பாதிதான் சுவையானது. அந்தக் கிருமி வட இந்தியாவிலும் தென்னிந்தியாவிலும் ஏறத்தாழ ஒரே அளவில் பரவியிருக்கிறது. புண்ணோ கோதுமை உண்ணும் வடக்கைவிட அரிசியும் கிழங்கும் உண்ணும் தெற்கில் அதிகமாக இருந்தது. மைசூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஃபிராங்க் டோவி இந்த முரணைப் பல ஆண்டுகள் துரத்தினார். கிருமி விடையின் பெரும்பகுதியாக இருக்கலாம், ஆனால் நெய்யூர் எழுப்பிய கேள்வியை அது முழுதாக மூடிவிடவில்லை.

மதம் பரப்பத்தானே வந்தார் என்பது இன்னொரு மறுப்பு. ஆம், லண்டன் மிஷன் ஊழியராகத்தான் வந்தார். அவர் அதை மறைத்ததும் இல்லை. வந்த நோக்கத்தை ஏற்காதவரும் அவர் கண்டதைத் தனியே எடை போடலாம். அந்த மதப் பிடிப்பு இல்லாத ஒருவர் மிஷன் சம்பளத்தில் இவ்வளவு காலம் தங்கியிருப்பாரா என்பது என்னைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் சங்கடமான கேள்விதான். மேலும், இதைத் தனி மனித சாதனையாக்கினால் உண்மை சிதையும். நெய்யூர் மருத்துவமனையை 1838இல் மருத்துவர் ராம்சே தொடங்கினார். 1860களிலேயே ஜான் லோ உள்ளூர் இளைஞர்களுக்கு அங்கு மருத்துவ வகுப்பு நடத்தினார். அப்படிப் படித்து வந்தவர்கள் கிளை மருத்துவமனைகளை நடத்தியிராவிட்டால் சோமர்வெல்லின் இரண்டு கைகள் எவ்வளவு தூரம் எட்டியிருக்கும்?

ஜூன் 10

1949 முதல் 1961 வரை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அவர் அறுவை கற்பித்தார். 1975இல் இங்கிலாந்தில் இறந்தார். நெய்யூர் மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. அவரைப் போல் எல்லா உறுப்பையும் ஒருவரே அறுக்கும் காலம் போய்விட்டது, போனதும் நல்லதே. ஆனால் ஒரே ஊரில் முப்பது நாற்பது ஆண்டு கத்தி பிடித்தவர்கள் நம் தாலுகா ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய பழைய ஆபரேஷன் பதிவேடுகள் அந்தந்த வட்டாரத்தின் நோய் வரலாறு. உங்கள் ஊர் மருத்துவமனை அவற்றை எடைக்குப் போடப் போகிறது என்று தெரிந்தால், தயவுசெய்து தடுத்து, பக்கத்து மருத்துவக் கல்லூரிக்குச் சொல்லுங்கள்.