அடிப்பிடித்த சோறு

அடுக்களையில் நிகழும் பிழைகளுள் அடிப்பிடித்தலைப் போல இகழப்படுவது பிறிதொன்றில்லை. பால் காந்தினாலும் பருப்பு அடியில் ஒட்டினாலும் வீட்டார் முகஞ்சுளிப்பர், சமைத்தவர் தலைகவிழ்வர். யாமும் அங்ஙனமே எண்ணி வளர்ந்தோம். ஆயின், கடல் கடந்த ஒரு நாட்டில், அடிப்பிடித்தலே கைத்திறனாகவும் அடிப்பிடியாமையே குறையாகவும் கருதப்படும் ஓர் உணவினைச் சமைக்கக் கற்றோம். அதனைக் கற்ற நாளிலேயே, எம் இல்லத்தில் நெடுநாளாய் நிகழ்ந்துவந்த வேறொரு பிழையையும் உணரலாயினோம். அவ்விரண்டினையும் எம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைத்தல் பயனுடைத்தென எண்ணி இதனை எழுதுகின்றோம். மாட்டிறைச்சி உண்ணும் வழக்கமில்லாதார் பொறுத்தருள்க; அவர்க்கும் இதன்கண் கொள்ளத்தக்கது சிறிது உண்டு.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கோடியில், மிசிசிப்பி ஆறு கடலொடு கலக்குமிடத்தில், லூயிசியானா என்னும் மாகாணம் உளது. அதன் தென்பகுதியிலுள்ள லபாயெட் நகரில், 2014-ஆம் ஆண்டு, தொழில் நிமித்தமாக, மனைவியோடும் இரண்டு வயதுப் பெண்மகவோடும் குடியேறினோம். நகர்ப்புறத்தைக் கடந்து சிறிது தொலை சென்றவுடனே, இருமருங்கும் நீர் நின்ற வயல்களும், அவற்றில் நெற்பயிரும் தோன்றின. அந்நிய நாட்டிற் கால் வைத்து இரண்டு நாள் ஆகாத எமக்கு அக்காட்சி அளித்த ஆறுதல் சொல்லுந்தரத்ததன்று.

அந்நாட்டார் கேஜன் எனப்படுவர். இவர்தம் முன்னோர் பிரான்சினின்று சென்று, கனடாவின் கீழ்க்கரையில் அக்கேடியா என்ற பகுதியில் உழுதுண்டு வாழ்ந்தவர். 1755-இல் ஆங்கிலேயர் இவரைக் குடும்பங் குடும்பமாகக் கப்பலேற்றி நாடு கடத்தினர். பல்லாண்டு திசைதோறும் அலைந்தபின், 1765 முதலாக ஒரு சாரார் லூயிசியானாவை அடைந்தனர். 1785-இல் ஏழு கப்பல்களில் ஏறத்தாழ 1,600 பேர் பிரான்சினின்று வந்து சேர்ந்தனர். அக்கேடியர் என்ற சொல்லே நாளடைவில் கேஜன் எனத் தேய்ந்தது.

கோதுமை உண்டு பழகிய இவர்க்கு நெற்சோறு வாய்த்தது எங்ஙனமெனின், அதுவும் ஒரு துயரக் கதையே. 1719-இல் ஆப்பிரிக்காவினின்று முதன்முதல் லூயிசியானாவிற்கு வந்த அடிமைக் கப்பல்களின் தலைவர்க்கு, விதைநெல்லையும், நெல் விளைக்க அறிந்த மக்களையும் கொணர்க என்று கட்டளை இடப்பட்டிருந்தது. விலங்கு பூட்டி வந்த அம்மக்களின் அறிவினாலேயே அம்மண்ணில் நெல் விளைந்தது. பின்னர்க் கேஜன் உழவர் நீர் தேங்கும் பள்ளங்களில் நெல்லை விதைத்து, மழையை நம்பி விட்டுவிடுவர். அதனைக் 'கடவுட் சித்த நெல்' என வழங்கினர். நம் நாட்டு மானாவாரியை இஃது ஒக்கும். 1880-க்குப்பின் இருப்புப்பாதையும் நீரிறைக்கும் பொறிகளும் வந்தன. 1887-இல் கிரௌலி என்னும் ஊர் தோன்றி, நெல் வாணிகத்தின் நடுவிடமாயிற்று. நாடிழந்த ஒரு கூட்டத்தாரும், நாட்டினின்று பறிக்கப்பட்ட மற்றொரு கூட்டத்தாரும் சேர்ந்து ஆக்கியது அந்நாட்டுச் சோறு. இதனை நினையாது அதன் சுவையை மட்டும் புகழ்தல் முறையன்று.

நிற்க. எம் அண்டை வீட்டில் ஒரு மூதாட்டியார் தனித்து வாழ்ந்துவந்தார். பாட்டியாரை அந்நாட்டார் 'மாமா' என்றே விளிப்பர். தாயுடன் பிறந்தவனைக் குறிக்கும் சொல்லால் ஒரு கிழவியாரை அழைப்பது கேட்டு எம் இல்லாள் நகையடக்கமாட்டாது உள்ளே ஓடிய நாளும் உண்டு. நாளடைவில் எம் மகளும் அவரை மாமா என்றே அழைக்கலாயினாள். அவரோ எம்மை 'ஷா' என்பார். அஃது அன்பிற்குரியோரை விளிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் மரூஉ. 'கண்ணே' என்று நாம் சொல்வதனோடு ஒக்கும்.

2020-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள் 'டெல்டா' என்னும் சூறாவளி லூயிசியானாவின் தென்மேற்குக் கரையைத் தாக்கிற்று. எம் தெருவில் மரங்கள் சாய்ந்தன; மின்சாரம் அற்றது. மறுநாட் காலையில் மூதாட்டியார் எம் கதவைத் தட்டி, "உறைபெட்டியில் உள்ளதெல்லாம் உருகிக் கெடப்போகின்றது, ஷா, வா, சமைப்போம்" என்றார். அவர் வீட்டின் பின்புறத்தில் வாயு அடுப்பு ஒன்றும், அவர் தாயின் காலத்துக் கரிய வார்ப்பிரும்புச் சட்டி ஒன்றும் இருந்தன. எண்பத்தாறு வயதாகிய அவர் நாற்காலியில் அமர்ந்தார். மரக்கரண்டி எம் கைக்கு வந்தது.

ஊர்க்கடைகளில் அவ்வுணவிற்கு 'அழுக்குச் சோறு' என்று பொருள்படும் பெயர் உண்டு. வெள்ளிய சோற்றினை இறைச்சியும் ஈரலும் கபில நிறமாக்கிவிடுதலின் அப்பெயர் வந்தது. வீடுகளில் 'ரைஸ் டிரெஸ்ஸிங்' என்பர். எட்டுப்பேர்க்கு வேண்டுவன இவை: மாட்டிறைச்சிக் கொத்துக்கறி 1 பவுண்டு, கோழியின் ஈரலும் இரைப்பையும் பொடியாக அரிந்தது அரைப் பவுண்டு, பெரிய வெங்காயம் 2, பச்சைக் குடமிளகாய் 1, செலரித் தண்டு 2, பூண்டு 4 பல், இறைச்சி வேகவைத்த சாறு 2 கிண்ணம், அரிசி 2 கிண்ணம், உப்பு, மிளகு, மிளகாய்ப்பொடி வேண்டுமளவு. வெங்காயமும் குடமிளகாயும் செலரியும் ஆகிய மூன்றும் இன்றி அந்நாட்டில் எச்சமையலும் தொடங்குவதில்லை. ஆதலின் அவற்றைத் 'திரித்துவம்' என்றே வேடிக்கையாக வழங்குகின்றனர்.

சட்டி நன்கு காய்ந்தபின் சிறிது எண்ணெய் விட்டுக் கொத்துக்கறியைப் பரப்பினோம். பரப்பியவுடன், பழக்கத்தால், கரண்டியை இட்டுக் கிளறினோம். மூதாட்டியார் எம் மணிக்கட்டைப் பற்றினார். "கிளறாதே, ஷா. ஒட்டட்டும்."

கறி நீர் விட்டது; நீர் வற்றியது; நெய் பிரிந்தது. பின்னர், கொதிக்கும் ஓசை மாறி, பொரியும் ஓசை எழுந்தது. "கேட்டாயா? இப்பொழுதுதான் அது பேசத் தொடங்குகிறது" என்றார். அடியில் கபில நிறமாகக் காந்தல் படிந்தது. அது கருகுமுன் ஒரு கரண்டிச் சாறு விட்டுச் சுரண்டச் செய்தார். காந்தல் கரைந்து கறியில் ஏறிற்று. மீண்டும் ஒட்டவிட்டோம், மீண்டும் சுரண்டினோம். இவ்வாறு நான்கு முறை. ஒவ்வொரு முறையும் நிறம் ஆழ்ந்தது, மணம் வேறாயிற்று. அதன்பின் ஈரலையும் இரைப்பையையும், பின்னர் வெங்காயம் முதலிய மூன்றினையும் பூண்டினையும் இட்டோம். அவை விட்ட நீர் எஞ்சிய காந்தலையும் துடைத்தெடுத்தது. உப்பும் காரமும் சேர்த்து, மீதிச் சாற்றினை ஊற்றி, மூடி, இளந்தீயில் ஒரு மணி நேரம் வைத்தோம். சோறு தனியே, குழையாது பொலபொலவென்று, வேறொரு பாத்திரத்தில் வெந்து ஆறியிருந்தது. இறுதியில் இரண்டையும் கலந்து, அரிந்த வெங்காயத்தாளைத் தூவினோம்.

ஒட்டவிடுதலால் சுவை மிகுவது ஏன் என்பதற்குப் பின்னர் நூல்களில் விடை கண்டோம். இறைச்சியிலுள்ள புரதக் கூறுகளும் சர்க்கரையும் உயர்ந்த வெப்பத்தில் ஒன்றோடொன்று வினைப்பட்டு, புது நிறத்தையும் புது மணத்தையும் தோற்றுவிக்கின்றன. இதனை 1912-இல் விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மையாரின் பெயராலேயே அவ்வினை வழங்குகின்றது. சட்டியில் நீர் உள்ளவரை வெப்பம் 100 பாகையை ஒட்டியே நிற்கும்; அவ்வினை விரைந்து நிகழ 140 பாகையளவு வேண்டும். ஆகவே நீர் வற்றுமட்டும் பொறுத்திராது கிளறுவோன் பெறுவது வெந்த கறியேயன்றிச் சிவந்த கறியன்று.

இனி, அன்று நிகழ்ந்த மற்றொன்றைக் கூறுவோம். சட்டி மூடியிருந்த அந்த ஒரு மணி நேரத்தில், எம் இல்லாள் வேலியருகே நின்று எம் மகளைக் கை கழுவி வருமாறு ஆங்கிலத்தில் அழைத்தாள். மகளுக்கு அப்பொழுது எட்டு வயது. பள்ளியில் பின்தங்குவாளோ என்ற அச்சத்தால், அவள் பள்ளி சேர்ந்த நாள் முதல் யாம் வீட்டில் ஆங்கிலமே பேசிவந்தோம். மூதாட்டியார் எம்மை நோக்கி, "உன்னை உன் தாய் எந்தப் பேச்சில் உண்ண அழைத்தாள்?" என்று வினவினார். தமிழில் என்றோம். அவர் சிறிது நேரம் வாளாவிருந்தார்.

பின்பு சொன்னார். அவர் பள்ளி சேர்ந்த காலத்தில் பிரெஞ்சு தவிர ஒரு சொல்லும் அறியார். பொதுப் பள்ளிகளில் ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும் என்று 1921-ஆம் ஆண்டின் மாகாணச் சட்ட அமைப்பு விதித்திருந்தது. வெளியே செல்ல இசைவு கேட்கும் ஆங்கிலச் சொல் தெரியாமையால், வகுப்பிலேயே ஆடை நனைய அழுது நின்றார். பிரெஞ்சு பேசியதற்காக, இனிப் பேசேன் என்று பலகையில் நூறு முறை எழுதுவிக்கப்பட்டார். "என் பிள்ளைகள் அப்படி அழக்கூடாது என்று அந்தப் பேச்சை அவர்களுக்குக் கொடாமலே விட்டேன். சோற்றை மட்டும் கொடுத்தேன். இன்று பேரப்பிள்ளைகள் உண்கிறார்கள். நான் கனவில் பேசுவது அவர்களில் ஒருவருக்கும் விளங்காது. உன் பிள்ளையை யார் அடித்தார்கள், ஷா?"

அவ்வினாவிற்கு எம்மிடம் விடையில்லை. எம் பிள்ளையை எவரும் அடிக்கவில்லை. எச்சட்டமும் எம்மைத் தடுக்கவில்லை. தடுத்தது எம் பொறுமையின்மையே. மகவு தமிழில் ஒரு சொல் தேடித் தடுமாறும்போது, அச்சொல் வந்து சேருமட்டும் காத்திராது, ஆங்கிலத்தைக் கொண்டு கிளறிவிட்டோம்.

அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் எம் வீட்டிலேயே அவ்வுணவினைத் தனித்துச் சமைத்தோம். சிறிய சட்டியில் மிகுதியான கறியை நெருக்கியிட்டமையாலும், கை சும்மாவிராமையாலும் கறி வெளிறிற்று. சூடான சோற்றை ஈரத்தோடு கலந்தமையால் எல்லாம் குழைந்தது. மூதாட்டியார் ஒரு வாய் உண்டு, "மிகத் தூய்மையாயிருக்கிறது, ஷா" என்று கூறி நகைத்தார். அன்று முதல், சட்டி அடுப்பில் உள்ளவரை அடுக்களையில் தமிழன்றிப் பிறிது பேசுவதில்லை என்று ஒரு விதி செய்தோம். முதலில் எம் மகள் வாய்மூடி நின்றாள். பின்னர் ஆங்கிலத்தில் விடையிறுத்தாள். நான்காம் மாதமோ ஐந்தாம் மாதமோ, சட்டியை எட்டிப் பார்த்து, இதற்குத் தமிழில் என்ன என்று வினவினாள். அடிப்பிடித்தல் என்றோம். அச்சொல் அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

2022-ஆம் ஆண்டு வேனிற்காலத் தொடக்கத்தில் மூதாட்டியார் காலமானார். இழவு வீட்டிற்கு அண்டை அயலார் உணவு சமைத்துச் செல்லும் வழக்கம் அவ்வூரிலும் உண்டு. யாம் இரண்டு பெரிய சட்டிகளில், விடியுமுன் தொடங்கி, அவர் கற்பித்தவாறே ஒட்டவிட்டுச் சுரண்டி, ஒட்டவிட்டுச் சுரண்டி, அச்சோற்றைச் சமைத்துக் கொண்டு சென்றோம். கேஜன் வீட்டிற்குக் கேஜன் உணவினை அந்நியர் கொண்டு செல்வது துணிவேயாம் என்று எம் இல்லாள் அஞ்சினாள். அவருடைய பேரர் ஒருவர் ஒரு வாய் உண்டு, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டார். சமைக்கும் முறையை அவர் கேட்டுக் கற்றதில்லையாம். பாட்டியார் எப்போதும் இருப்பார் என்று எண்ணியிருந்தாராம். அடுத்த திங்களில் ஒரு சனிக்கிழமை அவர் எம் அடுக்களைக்கு வந்தார். மரக்கரண்டியை அவர் கையிற் கொடுத்தோம். கறியைப் பரப்பியவுடனே அவர் கிளறத் தொடங்கினார். எம் மகள், தன்னையறியாமல், தமிழிலேயே, "கிளறாதீர்கள், ஒட்டட்டும்" என்றாள். அவர் பொருளறியாது திகைத்து நின்றார். எனினும் கை நின்றது.

லூயிசியானா அரசினர் 1968-இல் பிரெஞ்சு மொழியைப் பேணுதற்கென ஒரு கழகம் நிறுவினர். பிரெஞ்சு வழியே பயிற்றும் வகுப்புகளும் இப்பொழுது பள்ளிகளில் உண்டு. ஒரு தலைமுறை வாயடைத்தபின் மறு தலைமுறைக்குப் புத்தகத்தினின்று ஊட்டுவது அருமையான பணியே. அடுக்களையில் தானே ஒட்டவேண்டியதை ஒட்டவிடாது துடைத்தெறிந்த பின்னர், அதனைத் தேடித் திரட்டுவது எத்துணைக் கடினம் என்பதையும் அம்முயற்சி காட்டுகின்றது.

எம் கல்லூரியினின்று பல நாடுகட்குச் செல்லவிருக்கும் இளைஞர்காள்! செல்லுமிடத்துச் சோற்றை அன்போடு உண்ணுங்கள். அதனைச் சமைப்பார் அருகில் அமர்ந்து, அவர் உயிரோடிருக்கும்போதே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் மக்களை உங்கள் தாயார் அழைத்த மொழியிலேயே உண்ண அழையுங்கள். அவர் சொல் தேடி நிற்கும்போது சிறிது பொறுத்திருங்கள். எம் வீட்டில் இப்பொழுதும் சனிக்கிழமைதோறும் அக்கரிய சட்டி அடுப்பேறுகின்றது. அது மூதாட்டியாரின் சட்டியேதான். அப்பேரர் எமக்கு அளித்தது.